அப்பா கேட்ட முள்

அறுபதுகளில் பம்பாயில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் ஆடி மழையில் ரேஷன் கடை வரிசையில் நின்று காலில் சேற்றுப்புண் வாங்கியவர்களுக்குத்தான், அந்த மாதங்களில் வீட்டுக்கு ஒரு முழு மீன் வந்தது என்றால் அது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று சட்டென்று புரியும். படகுகள் கடலுக்குப் போகாத காலம் அது. தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டுச் சட்டியைத் திறந்தாலும் பொம்பில் கருவாடுதான். அது தீர்ந்தால் சூகட் என்கிற உலர்ந்த பொடி இறால். அதுவும் தீர்ந்தால் வெங்காயம்.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு ஆறு. அப்பாவுக்கு மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் வேலை. அந்தக் கல்லூரி இன்றைக்கு இல்லை, பெயர் எதற்கு. அங்கே விலங்கியல் லேபில் அப்பா ஹமால். ஹமால் என்றால் மூட்டை தூக்குகிறவர். தவளை பிடித்துக் கொடுத்து, டிரே கழுவி, ஜாடிகளில் மருந்துத் தண்ணீர் மாற்றி வைக்கிறவருக்கும் பம்பாயில் அந்தப் பெயரையே கொடுத்திருந்தார்கள். அவர் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஃபார்மலின் நெடி எந்தச் சோப்புக்கும் போகாது. அவர் சோறு பிசைந்து ஊட்ட வந்தால் தம்பி வாயை இறுக மூடிக்கொள்வான். அப்பாவுக்கு அது வருத்தம்தான். ஆனால் சொன்னதில்லை.

நாலாம் வகுப்போடு நின்றவர் அவர். ஆனால் லேபின் கதவோரம் டிரேயோடு நின்று நின்றே பாடம் முழுவதும் அவருக்குக் காதில் ஏறியிருந்தது. காலையில் குளிக்கும்போது மற்ற வீட்டு ஆண்கள் முருகா முருகா என்பார்கள். எங்கள் வீட்டில் “பைசெஸ், ஆம்பிபியா, ரெப்டிலியா, ஏவ்ஸ், மம்மேலியா” என்று கேட்கும். முதுகெலும்பு உள்ள பிராணிகள் ஐந்து வகை, மீன், தவளை, பல்லி, பறவை, பால் கொடுப்பவை, அதில் மீன்தான் முதல் என்பது பள்ளிக்கூடம் சொல்லுமுன்பே எனக்குத் தெரியும்.

சாப்பிடும்போதும் அவருக்கு இதே பேச்சுதான். பொம்பில் கருவாட்டிலிருந்து நூல் மாதிரி ஒன்றை உருவி எடுத்து, “இதுக்கும் முள்ளு இருக்கு, ஆனா பேருக்குத்தான். எலும்புக்கூடு கட்ட ஒதவாது” என்பார். “சுறாவுக்கு எலும்பே கெடையாது, எல்லாம் குருத்து. இருந்தாலும் அது மீன்தான். திமிங்கிலம் எம்புட்டுப் பெரிசா இருந்தாலும் மீன் இல்ல. குட்டிக்குப் பால் குடுக்குல்லா, அது நம்ம இனம்.”

“அப்ப அதுக்கும் ஒரு ரேஷன் கார்டு போட்டுருவோம்” என்பாள் அம்மா.

அம்மாவுக்கு அப்படி ஒரு வாய் இருந்தது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பின்னால் அது இல்லாமல் போயிற்று.

அப்பா ஒன்பது வருடமாக டெம்பரரி. ஏப்ரல், மே விடுமுறையில் சம்பளம் கிடையாது. ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று கல்லூரி வாசலில் போய் நிற்க வேண்டும். ஆகவே எங்கள் வீட்டில் ஜூலை மாதம் எப்போதுமே வற்றல் மாதம். அந்த வருடம் புதிதாக ஒரு புரொபசர் வந்திருந்தார். யுனிவர்சிட்டியிலிருந்து பார்வையிட ஒரு குழு வரப்போகிறது, கண்ணாடி அலமாரியில் ஐந்து வகைக்கும் ஐந்து எலும்புக்கூடு வரிசையாக நிற்க வேண்டும் என்றார். தவளை, ஓணான், புறா, முயல் நான்கும் இருந்தன. மீன் மட்டும் இல்லை. பழைய மீன் கூட்டை யாரோ ஒரு மாணவன் கீழே போட்டு உடைத்திருந்தான். ஒரு நல்ல மீன் கூடு செய்து வைத்தால் குழு வந்து போனதும் உன்னைப் பெர்மனென்ட் ஆக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று புரொபசர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை. முதலில் ஒரு சின்ன மீனை வைத்து வீட்டிலேயே பழகிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றி ஊற்றி, இடுக்கியால் சதையைப் பிரித்து, பிரஷால் துடைத்து எடுத்தார். பிரித்த சதையை அம்மாவிடம் கொடுத்தார். அது நனைந்த பஞ்சு போல இருந்தது. அம்மா வெங்காயம் போட்டு வதக்கிப் பார்த்தாள், மஞ்சள் போட்டுப் பார்த்தாள். உப்பும் பிடிக்கவில்லை, உறைப்பும் பிடிக்கவில்லை. கூடவே அப்பா விரலின் நெடி வேறு. தம்பி ஒரு வாய் தின்று வாந்தி எடுத்தான்.

பெரிய மீன் கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. கடல் மீன்தான் இல்லையே. வெளியூர் ஏரிகளிலிருந்து ரயிலில் வரும் ரோகு மீனுக்காக அப்பா தினமும் விடிந்ததும் சயான் மார்க்கெட்டுக்குப் போய் நின்றார். ஒரு நாள் ஈரச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் கெண்டை என்கிறோமே, அதில் ராட்சசன். என் கை நீளம் இருந்தது. செதில்களின் ஓரம் செம்பு நிறத்தில் மின்னியது. வயிறு உப்பியிருந்தது. தேக்சாப் பாத்திரத்துக்குள் அடங்காமல் வால் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது.

அப்பா கல்லூரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இடுக்கியும் டிரேயும் வாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஏட்டி, அம்மா வந்ததும் சொல்லு. மீனை யாரும் தொடக்கூடாது, இரும்பு படக்கூடாது. மத்தியானம் நான் வந்து வெந்நி ஊத்தி சதையைப் பிரிச்சுத் தாரேன். அதை நீங்க கொழம்பு வச்சுக்கிடலாம். எனக்கு முள்ளுதான் வேணும். என்ன சொல்லுவ?”

நான் அப்படியே திருப்பிச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

லேபில் அவர் எலும்பு என்பார், வீட்டில் முள் என்பார். நாமெல்லாருமே அப்படித்தானே. ஆட்டுக்கு எலும்பு, கோழிக்கு எலும்பு, மீனுக்கு மட்டும் முள். தட்டோரம் ஒதுக்கிவைக்கிற, தொண்டையில் சிக்கினால் வெறுஞ்சோறு உருட்டி விழுங்குகிற முள். அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு வழி இருந்தது.

அந்த மீனுக்கு முன்னால் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பஞ்சுச் சதை எனக்கு வேண்டாம். துண்டு வேண்டும். மஞ்சளும் மிளகாயும் ஓரத்தில் ஒட்டிய துண்டு, புளிக்குழம்பில் ஊறி, முள்ளோடு முள்ளாக விரலால் பிரித்துத் தின்கிற துண்டு. அம்மா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்ததும் சொன்னேன்.

“அப்பாவுக்கு முள்ளு மட்டும் போதுமாம். கொழம்பு வச்சு நம்ம தின்னுட்டு, முள்ளை எடுத்து வைக்கச் சொன்னாவ.”

அம்மா குடத்தை இறக்கிவைத்தாள். மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்படியா சொன்னாவ?”

“ஆமா.”

“தின்னு ஒதுக்குன முள்ளு போதுமாமா?”

“போதுமாம்.”

வேறொன்றும் கேட்காமல் அரிவாள்மனையை எடுத்துப் போட்டாள்.

அம்மா மீன் ஆய்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் போல நிதானமாக ஆய்ந்து பார்த்ததில்லை. சாம்பல் தொட்டுச் செதில் உரசினாள். செதில்கள் தெறித்துச் சுவரிலும் தம்பி கன்னத்திலும் ஒட்டின. செவுள் மூடியைத் தூக்கி, சிவப்புச் சீப்பு போல அடுக்கடுக்காக இருந்ததைப் பிய்த்து எறிந்தாள். இதுதான் செவுள் என்று நான் தம்பிக்குக் காட்டினேன். “வேலையில குறுக்க வந்தா ஒஞ் செவுள்ல ஒண்ணு விழும்” என்றாள் அம்மா. வயிற்றைக் கீறியதும் இரண்டு பக்கமும் மஞ்சளாகச் சினை. காற்றுப்பையைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். இடுப்பு சிறுத்து இரண்டு பலூனாக இருந்த அதை அமுக்கி அமுக்கி விளையாடினான். பிறகு அம்மா தலையை அறுத்தாள். உடம்பைத் துண்டு போட்டாள். ஒவ்வொரு துண்டுக்கும் நடுமுள் நறுக்கென்று அறுபடுவது கேட்டது. ஏழு துண்டு. ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றைக்கு அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை. அப்பாவுக்கு நடுத்துண்டும் சினையில் பாதியும் எடுத்து மூடிவைத்துவிட்டு, தலையைத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். “சவச்சுத் துப்பாதிய. ஒவ்வொரு முள்ளா உருவித் தட்டோரம் வைங்க. அப்பாவுக்கு வேணும்” என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்களும் உருவி உருவி வைத்தோம். அப்படியொரு மீனை நான் அதற்கப்புறம் தின்றதில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதுதான் உண்மை.

சாப்பாடு முடியும் முன்பே அப்பா வந்துவிட்டார். சட்டை நனைந்திருந்தது. டிரேயைச் செய்தித்தாளில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார், அது மட்டும் நனையவில்லை.

அவர் சத்தம் போடவில்லை. தட்டுகளைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து செய்தித்தாளைத் தரையில் விரித்து, மூன்று தட்டோரங்களிலிருந்தும் முட்களைப் பொறுக்கி அதில் வைத்தார். எடுத்துவைத்த துண்டையும் பிரித்தார். முதுகெலும்பின் மணிகள் இரண்டு பக்கமும் குழிந்த சின்னக் கிண்ணங்களாக இருந்தன. அவற்றில் ஆறு குறுக்கே வெட்டுப்பட்டிருந்தன.

“தலை எங்க?”

அம்மா தன் தட்டை நகர்த்தினாள். மீன் தலை ஒற்றை எலும்பு இல்லை. தகடு தகடாக எத்தனையோ. அம்மா அத்தனையையும் சப்பிச் சுத்தமாக வைத்திருந்தாள். அப்பா இடுக்கியால் புரட்டிப் புரட்டி எதையோ தேடினார்.

“காத்துப்பைக்கும் காதுக்கும் நடுவுல அரிசி நொய் மாதிரி பொடி எலும்பு வரிசையா இருக்கும்” என்றார், யாரையும் பார்க்காமல். “வயித்துல படுற சத்தத்தை அதுதான் காதுக்குக் கொண்டுபோவும். கெண்டைச் சாதியிலதான் அது நல்லாத் தெரியும். புரொபசரு முக்கியமாக் கேட்டதே அதைத்தான்.”

அது எதிலும் இல்லை. யார் வயிற்றுக்குப் போயிற்றோ. அப்பா இடுக்கியைக் கீழே வைத்தார்.

“ஏளா, பன்னெண்டு வருசமா எங்கூட இருக்க. முள்ளு வேணும்னா தின்னு துப்புன முள்ளா? ஒனக்கு முள்ளுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் தெரியலியே.”

“தெரியலை” என்றாள் அம்மா.

ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அதில் இன்னும் பாதித் துண்டு மிச்சம் இருந்தது. அப்பா கை கழுவப் போனதும் அதையும் தின்றேன்.

மறுபடி ஒரு பெரிய மீன் கிடைக்கவில்லை. மழை கொட்டி, தண்டவாளத்தில் தண்ணீர் நின்று, ரயில்கள் ஓடவில்லை. குழு வரும் நாள் நெருங்கியது. அப்பா இருந்ததை வைத்துக் கூடு கட்டினார். வெட்டுப்பட்ட மணிகளை வஜ்ஜிரப் பசை வைத்து ஒட்டினார். செம்புக் கம்பியில் கோர்த்தார். காணாமல் போன விலா எலும்புகளுக்கு மூங்கிலைச் சீவி வைத்தார். இரண்டு வாரம் ஜன்னலோரம் அது காய்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மீன்தான். கிட்டே போனால் முதுகில் ஒட்டு தெரியும். பளபளக்கும் மரப்பலகையில் அதை நிறுத்தி, கீழே பைசெஸ் என்று சீட்டு ஒட்டி, அலமாரியின் முதல் தட்டில் வைத்தார்.

குழு வந்தது, போயிற்று. அடுத்த வாரம் அந்தப் பெர்மனென்ட் இடத்தில் செம்பூரிலிருந்து ஒரு புது ஆள் சேர்ந்தார். ஏன் என்று அப்பாவிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்.

“முதுகுல ஒட்டு போட்டதைக் கொண்டு வச்சா எவன் பெர்மனென்ட் ஆக்குவான்” என்றார்.

மூன்று வருடம் கழித்து எந்த மீனும் இல்லாமலே அவரை நிரந்தரமாக்கினார்கள். அதனால் அந்தப் பேச்சு நின்றுவிடவில்லை. ஆண்டாப் ஹில்லில் ஒரு கல்யாணம், விக்ரோலியில் ஒரு காதுகுத்து, நாலு பேர் கூடிய இடம் எதுவானாலும் அப்பா அம்மாவைக் காட்டி ஆரம்பிப்பார். “இவ யாரு தெரியும்லா? எம் பெர்மனென்ட்டைக் கொழம்பு வச்சுத் தின்ன மவராசி.” கூட்டம் சிரிக்கும். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். திமிங்கிலத்துக்கு ரேஷன் கார்டு போட்ட அந்த வாய் மட்டும் அப்புறம் திறக்கவில்லை. அப்பா என்ன சொன்னாலும் சரி என்றாள். எனக்காகத்தான் பழியைச் சுமக்கிறாள் என்று நினைத்து, நினைத்து, அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டே நான் வளர்ந்தேன்.

படித்து முடித்து டைப்பிங் பாஸ் செய்ததும், அப்பா சொல்லி அதே கல்லூரி ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தது. முதல் வாரமே லேபுக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். மரப்பலகை இருந்தது, சீட்டு இருந்தது, மீன் இல்லை. எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை.

சில வருடம் கழித்துப் பழைய பைல்களை வேறு அறைக்கு மாற்றினோம். அதில் அந்தச் செம்பூர் ஆளின் நியமன உத்தரவு கண்ணில் பட்டது. தேதியைப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். குழு வருவதற்கு முந்தைய மாதம் அது. அப்பா சயான் மார்க்கெட்டில் போய் நிற்க ஆரம்பிக்குமுன்பே அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். கீழே புரொபசரின் கையெழுத்தும் இருந்தது. அந்த மீன் முழுதாக நின்றிருந்தாலும், முதுகில் ஒட்டே இல்லாமல் நின்றிருந்தாலும், ஒன்றும் ஆகியிருக்காது.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் மீன் பேச்சு வரும். மீன் பேச்சு வந்தால் யார் வெட்டச் சொன்னது என்று வரும். அப்பாவுக்கும் வயதாகிவிட்டது, இனி எதற்கு என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அடுத்த கல்யாணத்திலும் அப்பா அதே கதையைச் சொன்னார், நானும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அப்பா இறந்தபோது நாங்கள் முலுண்டில் இருந்தோம். காரியம் எல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து உத்தரவின் கதையைச் சொன்னேன். பிறகு மற்றதையும் சொன்னேன்.

“அன்னைக்கு அப்பா மீனை வெட்டக் கூடாதுன்னுதாம்மா சொன்னாவ. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அம்மா கீரைக் காம்பைக் கீழே வைத்தாள்.

“அவிய ஒங்கிட்ட சொல்லும்போது நான் கொடத்தோட வாசப் படுதாவுக்கு அந்தப் பக்கம் நிக்கேன். எல்லாம் காதுல விழுந்துச்சு. நேர்ல எங்கிட்டயும் சொல்லிருவாவளேன்னு திரும்பக் கொழாயடிக்கே போயிட்டேன்.”



“அப்போ எனக்காகத்தான் நீ...”

“ஒனக்காக என்ன. எனக்குத் தின்னணும் போல இருந்துச்சு. எத்தன மாசம் ஒங்களுக்குப் போட்டுட்டுச் சட்டியத் தொடச்சுத் தின்னுருக்கேன். நீ வந்து அப்படிச் சொன்னதும் எனக்கும் தோதாப் போச்சு. தின்னேன். தின்னதுக்கு அவிய பேசுனாவ, கேட்டுக்கிட்டேன். வேலை என்னாலதான் போச்சுன்னுதான நெனச்சேன், அதனால கேட்டுக்கிட்டேன்.”

கீரைக் காம்பை மறுபடி கையில் எடுத்தாள்.

“அந்தக் கடுதாசியை நீ பாத்து எத்தன வருசம் இருக்கும்?”

“பதினோரு வருசம்.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

“பத்து வயசுல நீ சொன்ன பொய்யில நானும் கூட்டு. இதுல நீ ஒத்தைதாம்ட்டி.”